இல்லத்தில் கிறிஸ்து பிறப்பு விழா

பெங்களூரு நகரில் டிசம்பர் மாதக் குளிர் இறங்கத் தொடங்கியதும் சிவாஜி நகரின் கடைத்தெருக்களில் விண்மீன்கள் தோன்றுகின்றன. வானத்து மீன்கள் அல்ல; காகிதத்தால் செய்து, உள்ளே விளக்கிட்டுத் தொங்கவிடப்பட்ட மீன்கள். 1927ஆம் ஆண்டில் எழுந்த ரஸ்ஸல் சந்தையைச் சூழ்ந்த கடைகளில் அவற்றோடு குடிலுக்குரிய பொம்மைகளும் வண்ணத் தோரணங்களும் குவிகின்றன. கமர்ஷியல் தெருவில் புத்தாடை வாங்குவோர் கூட்டம் நெருங்குகிறது. ரொட்டிக் கடைகளில் கேக்குகளின் மணம் கமழ்கிறது. கிறிஸ்து பிறப்பு விழா வந்துவிட்டது என்பதை அறிய நாட்காட்டியைப் பார்க்க வேண்டியதில்லை, கடைத்தெருவே அறிவித்துவிடுகிறது.

கடைத்தெரு அறிவிக்கும் விழா வீட்டுக்குள் நுழையும்போது என்னவாக நுழைகிறது என்பதே இன்று நாம் சிந்திக்க வேண்டிய பொருள். மீனும் தோரணமும் புத்தாடையும் வந்து சேர்ந்த பின்னரும், யாருடைய பிறப்பைக் கொண்டாடுகிறோமோ அவருக்கு வீட்டில் இடம் கிடைக்காமற் போகலாம். சத்திரத்தில் இடமின்றி மாட்டுத் தொழுவத்தில் கிடத்தப்பட்டவர் அன்றோ அவர்? அந்த நிலை ஆண்டுதோறும் நம் வீடுகளிலேயே நேருமாயின் அது வருந்தத்தக்கது.

இந்தக் கவலை நம் காலத்தில் மட்டும் தோன்றியது அன்று. இங்கிலாந்தில் 1647ஆம் ஆண்டில் தூய்மை வாதிகளின் செல்வாக்கு மேலோங்கியிருந்த பாராளுமன்றம், கிறிஸ்துமஸ் பண்டிகையையே சட்டத்தால் ஒழிக்க முற்பட்டது. குடியும் கூத்தும் மிகுந்துவிட்ட விழா, வேதத்தில் கட்டளையிடப்படாத விழா, ஆதலின் அது வேண்டாம் என்பது அவர்கள் வாதம். ஆயினும் மக்கள் மனத்திலிருந்து அதை நீக்க இயலவில்லை. 1660இல் முடியாட்சி மீண்டபோது விழாவும் மீண்டது.

இதற்கு நேர்மாறான வழியை இத்தாலி நாட்டில் ஓர் அருளாளர் அதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே காட்டியிருந்தார். அசிசி நகரப் பிரான்சிஸ், 1223ஆம் ஆண்டில் கிரேச்சியோ என்னும் சிற்றூரில், வைக்கோல் பரப்பிய தீவனத் தொட்டியையும் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தி, அதன் நடுவே வழிபாட்டை நடத்துவித்தார். இறைவன் எத்தகைய எளிமையில் பிறந்தார் என்பதை ஊரார் தம் கண்ணால் காண வேண்டும் என்பதே அவர் விருப்பம். விழாவை ஒழிக்கப் பாராளுமன்றத்தால் இயலவில்லை. விழாவின் நடுவே தொழுவத்தைக் கொண்டுவந்து வைத்த துறவியின் வழியோ எண்ணூறு ஆண்டுகளாக நின்று நிலவுகிறது. நம் வீடுகளுக்கும் இவ்வழியே ஏற்றது.

பெங்களூருத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் இவ்வழியில் எவ்வாறு நடந்து வந்துள்ளன என்பதைக் கூறுமுன், அவர்கள் இந்நகருக்கு வந்த வரலாற்றைச் சுருக்கமாக நினைவுகூர்வது நன்று. 1809ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இங்கே பாளையம் அமைத்தபோது, படையுடனும் படைக்குத் தேவையான பல தொழில்களுடனும் தமிழ் மக்கள் பெருவாரியாக வந்து குடியேறினர். அவர்களுள் கிறிஸ்தவரும் பலர் இருந்தனர். அக்காலத்தில் மைசூர் நாட்டில் சமயப் பணி ஆற்றிய துபுவா என்னும் பிரெஞ்சுக் குரு, இன்று சிவாஜி நகர் என வழங்கும் பகுதியில் எளிய சிற்றாலயம் ஒன்றை எழுப்பினார். அதுவே வளர்ந்து, 1882இல் கட்டி முடிக்கப்பட்ட தூய மரியன்னை ஆலயமாகி, பின்னர் பசிலிக்கா என்னும் சிறப்பையும் பெற்றது. சீர்திருத்தச் சபைகளும் தமிழருக்கெனத் தமிழ் வழிபாடுகளைத் தொடங்கின. கோலார் தங்கவயலின் சுரங்கங்களுக்குத் தமிழ்த் தொழிலாளர் வந்தனர். 1940க்குப் பின் விமானத் தொழிற்சாலை, தொலைபேசித் தொழிற்சாலை முதலியன எழுந்தபோது மேலும் பலர் வந்தனர். 2001இல் தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர் அங்குள்ளோர் பலர் பிழைப்புக்குப் பெங்களூரையே நம்பி நாள்தோறும் ரயிலேறி வந்து செல்கின்றனர். கணினித் தொழில் வளர்ந்த காலத்தில் நெல்லையிலிருந்தும் குமரியிலிருந்தும் இளைஞர்கள் வந்த வண்ணம் உள்ளனர்.

இவ்வளவு பேருக்கும் பொதுவானது ஒன்று உண்டு. எல்லோருமே ஊரை விட்டு வந்தவர்கள், அல்லது அவ்வாறு வந்தவர்களின் மக்கள். முதல் கிறிஸ்துமஸை நினைத்துப் பாருங்கள். அரசன் ஆணைப்படி குடிக்கணக்கில் பெயர் எழுதப் பயணம் போன குடும்பம் அது. தங்க இடமின்றித் தவித்த குடும்பம். பிள்ளை பிறந்த சில காலத்துக்குள் எகிப்து நாட்டுக்கு ஓடிப் பிழைத்த குடும்பம். வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய தேம்பாவணி, அக்குடும்பத்தின் தலைவராகிய சூசையையே வளன் என்னும் பெயரால் காப்பியத் தலைவனாகக் கொண்டது. தம் தொழிலை நம்பிப் பிறநாட்டில் குடும்பத்தைக் காத்த தச்சர் அவர். ஆகவே, பிறமாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பம் ஊருக்குச் சென்று கொண்டாட இயலாத ஆண்டிலும் இவ்விழாவுக்கு அந்நியமானது அன்று. இது தொடக்கத்திலேயே வழிப்பயணிகளின் விழா.

விழாவை விசுவாசத்தில் நிலைநிறுத்துவது ஆலயத்தின் கடமை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆயின் வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. கத்தோலிக்க ஆலயங்களில் பல நூற்றாண்டுகள் பூசை இலத்தீன் மொழியிலேயே நடந்தது. 1963ஆம் ஆண்டு டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டைப் பற்றிய ஏட்டை வெளியிட்ட பின்னரே தமிழ் பலிபீடத்தை அடைந்தது. அத்தனை காலமும் கிறிஸ்து பிறந்த கதை தமிழ்க் குழந்தையின் உள்ளத்துக்குச் சென்றது எவ்வழியாக? மறையுரையும் பாடலும் துணை நின்றன. எனினும் மாலையில் விளக்கேற்றி, பாயை விரித்து, செபமாலை சொல்லிய தாயும் பாட்டியும் ஆற்றிய பணியே நாள்தோறும் நடந்த பணி. சீர்திருத்தச் சபையினரின் இல்லங்களில் குடும்ப ஜெபம் இதே பணியைச் செய்தது. வேத வாசிப்பு, ஒரு கீர்த்தனை, தகப்பனாரின் ஜெபம் ஆகிய மூன்றும் கால்மணி நேரத்தில் முடியும். அந்தக் கால்மணி நேரம் நாள்தோறும் நடந்ததனால்தான் ஆண்டுக்கு ஒருமுறை வரும் விழாவுக்குப் பொருள் இருந்தது.

இனி, அத்தகைய குடும்ப மரபுகள் சிலவற்றை எடுத்துக் காண்போம்.

முதலாவது, காத்திருத்தல். டிசம்பர் 25க்கு முந்திய நான்கு ஞாயிறுகளைத் திருவருகைக் காலம் என்று சபைகள் கொண்டாடுகின்றன. பசுந்தழை வளையத்தில் நான்கு மெழுகுவர்த்திகளை நிறுத்தி, ஞாயிறுதோறும் ஒன்று கூட்டி ஏற்றுகின்றனர். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் ஏழைச் சிறுவர்களுக்கான இல்லம் நடத்திய விக்கர்ன் என்னும் போதகர், 1839இல் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் வர்த்திகளைப் பொருத்தி இவ்வழக்கத்துக்கு வித்திட்டார். பண்டிகை எப்போது வரும் என்று பிள்ளைகள் ஓயாமல் கேட்டதனால் அவ்வாறு செய்தார் என்பர். கடைக்காரர் நவம்பரிலேயே விழாவைத் தொடங்கிவிடுகிறார். காத்திருக்கத் தெரிந்த குடும்பமோ நான்காம் வர்த்தி ஏறும்வரை பொறுத்திருக்கிறது. வேண்டியது வேண்டிய அக்கணமே கிடைக்கும் இக்காலத்தில், பிள்ளைகளுக்குப் பொறுமையைக் கற்பிக்க இதனினும் இனிய பாடம் வேறில்லை.

இரண்டாவது, குடில் அமைத்தல். பெங்களூரின் தமிழ்க் குடியிருப்புகளில், மர்ஃபி டவுனிலும் ஆஸ்டின் டவுனிலும், வீட்டு மூலையில் வைக்கோலும் காகிதப் பாறையும் கொண்டு குடில் எழுவதைக் காணலாம். முளைவிட்ட தானியத்தைப் பசும்புல்லாக வைப்பவரும் உண்டு. இதில் போற்றத்தக்க ஒழுங்கு ஒன்று பல இல்லங்களில் உள்ளது. மாதாவும் சூசையப்பரும் இடையரும் ஆடுமாடுகளும் முன்பே வைக்கப்பட்டாலும், தொட்டில் மட்டும் 24ஆம் நாள் இரவுவரை வெறுமையாகவே இருக்கும். நள்ளிரவுப் பூசை முடிந்து வந்ததும், வீட்டின் மிக இளைய பிள்ளையே பாலன் சுரூபத்தை அதில் கிடத்தும். வெறுந் தொட்டிலை நாள்தோறும் பார்க்கும் குழந்தைக்கு, யாரோ ஒருவர் வர வேண்டியிருக்கிறது என்பது எந்தப் பிரசங்கமும் இன்றியே விளங்கிவிடுகிறது.

மூன்றாவது, பாட்டு. கீத பவனி என்றும் பஜனை என்றும் வழங்கும் வழக்கத்தில், ஆலயப் பாடகர் இரவில் வீடுவீடாகச் சென்று பாடுகின்றனர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் குறவஞ்சி என்னும் தமிழ் வடிவிலேயே பெத்லகேமின் செய்தியைப் பாடினார். 1774 முதல் 1864 வரை வாழ்ந்த அப்பெரியாரின் பாடல்கள் இன்றும் தமிழ்ச் சபைகளில் ஒலிக்கின்றன. ஆஸ்திரியாவின் ஓபர்ண்டார்ப் ஊர் ஆலயத்தில் 1818ஆம் ஆண்டு டிசம்பர் 24 அன்று கித்தார் ஒன்றின் துணையோடு முதன்முதல் பாடப்பட்ட அமைதி இரவுப் பாடலும் தமிழ் வடிவம் பெற்று நம்முடையதாகிவிட்டது. அதற்குப் பேரிசைக் குழு வேண்டியிருக்கவில்லை; ஒலிபெருக்கியும் வேண்டியிருக்கவில்லை. இன்று சில பவனிகள் வாகனத்தில் ஏறி, ஒலியைப் பெருக்கி, காணிக்கை உறையைப் பெற்றுக்கொண்டு அடுத்த தெருவுக்கு விரைகின்றன. பழைய முறையோ நோயாளியின் வீட்டுக்கு முதலில் செல்வது. படுக்கையிலிருக்கும் முதியவர் விரும்பிக் கேட்கும் பாடலைப் பாடி, ஜெபித்து, ஒரு குவளை காப்பி அருந்திப் போவது. ஆலயத்துக்கு வர இயலாதோரிடம் ஆலயமே சென்றது என்பதுதான் அதன் பொருள்.

நான்காவது, கொடை. இதனைச் சற்று விரிவாகக் கூற வேண்டும். ஏனெனில் விழா வழிதவறுவது பெரும்பாலும் பணத்தின் வாயிலாகவே நிகழ்கிறது. அண்டை வீட்டார் பட்டு வாங்கினார், நாமும் வாங்க வேண்டும் என்று கடன்பட்டு, அக்கடனை ஈஸ்டர்வரை செலுத்துகிற குடும்பங்கள் உண்டு. தொழுவத்தில் பிறந்தவரின் பெயரால் வட்டிக்குக் கடன் வாங்குவது எவ்வளவு முரணானது! வெளியூரில் உற்றார் துணையின்றி வாழும் தொழிலாளிக்கு இச்சுமை இரட்டிப்பாகும்.

இதற்கு மாற்றாக நம் முன்னோரிடம் அழகிய வழக்கம் ஒன்று இருந்தது. நெல்லைச் சீமையின் கிறிஸ்தவப் பெண்கள், உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் இடுவர். பிடியரிசி என்பது அதன் பெயர். அது திருப்பணிக்கும் ஏழைகளுக்கும் உரியது. திருவருகைக் காலத்தின் நான்கு வாரங்களுக்கு மட்டும் இவ்வழக்கத்தைப் பெங்களூரின் மாடிக் குடியிருப்பிலும் கைக்கொள்ளலாம். ஒரு பிடி 40 கிராம் என்றும், நாளொன்றுக்கு இருவேளைச் சமையல் என்றும் கொண்டால், 28 நாட்களில் 56 பிடிகள், அதாவது 2 கிலோவுக்கு மேற்பட்ட அரிசி சேரும். பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால் 20 கிலோவைத் தாண்டும். எந்தக் குடும்பத்தின் சோற்றுப் பானையிலும் குறை தெரியாது. பிடி எடுக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தால், கொடுத்தல் என்பது மிச்சத்தைக் கொடுப்பதன்று, முதலில் எடுத்து வைப்பது என்பதை அவர்கள் கை அறிந்துகொள்ளும்.

கொடையோடு சேர்ந்தது விருந்து. அதிரசமும் முறுக்கும் அச்சு முறுக்கும் கலகலாவும் செய்யக் குடும்பம் முழுவதும் கூடி அமர்கிறது. மாவைச் சுருட்டும் பிள்ளைகளுக்கு அந்த மாலையே விழாவாகிவிடுகிறது. அப்பண்டங்கள் தட்டுகளில் நிரம்பி, வெள்ளைத் துணி மூடி, அண்டை அயலாரின் வீடுகளுக்குச் செல்கின்றன. கன்னடம் பேசும் இல்லத்துக்கும், இஸ்லாமியர் இல்லத்துக்கும், தெலுங்கர் இல்லத்துக்கும் செல்கின்றன. தீபாவளியிலும் ரம்ஜானிலும் அத்தட்டுகள் வெறுமையாகத் திரும்புவதில்லை. இவ்வளவோடு இன்னொன்றும் செய்யலாம். பண்டிகை நாளின் பகலுணவுக்கு ஓர் இலையைக் கூடுதலாக இடுங்கள். விடுதியில் தனித்திருக்கும் மாணவர், விடுப்புக் கிடைக்காத செவிலியர், வேலை முடிந்ததும் சமைத்துண்ண ஆளில்லாத கட்டடத் தொழிலாளி ஆகியோருள் ஒருவர் அவ்விலையில் அமரட்டும். இடமில்லை என்று சத்திரக்காரர் கூறிய சொல்லுக்கு அதுவே நம் மறுமொழி.

ஐந்தாவது, மொழி. பிறமாநிலத் தமிழர்க்கு இதுவே கடினமானது. பெங்களூரில் வளரும் தமிழ்ப் பிள்ளை பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் பயில்கிறது. வீட்டில் தமிழ் பேசுகிறது. ஆயின் தமிழ் எழுத்தை வாசிப்பதில்லை. குடும்ப ஜெபத்தில் வேதாகமத்தை அதன் கையில் கொடுத்தால் தயங்கித் தலை குனிகிறது. பாட்டி ஜெபிக்கும் சொற்களுள் பாதி அதற்கு விளங்குவதில்லை. பாட்டியின் காலத்துக்குப் பின் அந்த ஜெபம் அவ்வீட்டில் யார் வாயில் வாழும்? இது வெறும் மொழிக் கவலை அன்று. தாயின் மொழியில் வேரூன்றிய வேண்டுதல், துன்ப நாளில் தானாக நாவில் எழும். பாடமாகக் கற்ற வேண்டுதல் அவ்வாறு எழுவது அரிது.

எளிய வழி ஒன்று உண்டு. லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் கிறிஸ்து பிறப்பின் வரலாறு முதல் இருபது வசனங்களில் அடங்கியுள்ளது. டிசம்பர் 5 அன்று தொடங்கி நாளுக்கு ஒரு வசனமாகத் தமிழில் மனப்பாடம் செய்தால், 24ஆம் நாள் மாலையில் வரலாறு முழுவதும் பிள்ளையின் நாவில் இருக்கும். அன்றிரவு குடிலின் முன் அப்பிள்ளை நின்று கூற, பெரியோர் கேட்கட்டும். தமிழ் எழுத்துத் தெரியாத பிள்ளை கன்னட எழுத்தில் எழுதிக்கொண்டு கற்றாலும் குற்றமில்லை. சொல் முதலில் வரட்டும்; எழுத்தைப் பின்னர் அந்தச் சொல்லே அழைத்து வரும்.

இதனைக் கூறும்போது ஓர் எச்சரிக்கையும் தேவை. மொழிப் பற்று நம்பிக்கையை விழுங்கிவிடக் கூடாது. பெங்களூரின் மரியன்னை ஆலயத்தில் தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் பூசைகள் நடைபெறுகின்றன. இடையர்க்கு வந்த நற்செய்தி எல்லா மக்களுக்கும் உரியதாகவே அறிவிக்கப்பட்டது. மணத்தால் இருமொழிக் குடும்பமாகிவிட்ட இல்லங்களில் அவ்வரலாற்றை இரு மொழியிலும் வாசித்தல் முறை. நம் மொழியைக் காப்பது நம் பிள்ளைக்காக. அயலான் மொழியை மதிப்பது பிறந்தவருக்காக.

ஆறாவதாக, விழாவை 25ஆம் நாளோடு முடித்துவிடாமை. அன்று மாலையே தோரணங்களைக் கழற்றிவிட்டு, மறுநாள் களைத்துப் படுப்பது கடைத்தெருவின் முறை. சபையின் முறையில் விழா அன்றுதான் தொடங்குகிறது. 31ஆம் நாள் இரவு பழைய ஆண்டுக்கு நன்றி கூறி, புத்தாண்டுக்கான வாக்குத்தத்த வசனத்தைப் பெற்றுச் சுவரில் மாட்டுவர். ஜனவரி 6 அன்று கீழ்த்திசை ஞானியர் பாலனைக் கண்ட திருநாள். அதுவரை ஞானியரின் உருவங்களைக் குடிலுக்குச் சற்றுத் தொலைவில் வைத்து, நாள்தோறும் ஓரடி நகர்த்திக் கொண்டுவருவது பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தமானது. ஜெர்மனியின் மொராவியச் சபையார் 1830களில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பிக்கச் செய்த காகித மீனும், திருவருகையின் முதல் ஞாயிறு தொடங்கி ஜனவரி 6வரை தொங்குவதே மரபு. நம் வாயிலில் தொங்கும் மீனும் அதன் உறவினமே. ஞானியர் வந்து சேருமுன் வழிகாட்டும் மீனை அணைத்துவிடலாமா?

மும்பையின் தாராவியிலும், தில்லியிலும், கொல்கத்தாவிலும் வாழும் தமிழ்க் கிறிஸ்தவ அன்பர்களுக்கும் இவை பொருந்தும் என்று நம்புகிறேன். இங்கே கூறிய ஆறனுள் ஒன்றுகூடப் பெரும் பொருட்செலவை வேண்டவில்லை. நான்கு மெழுகுவர்த்தி, ஒரு பிடி அரிசி, ஒரு கூடுதல் இலை, இருபது வசனங்கள் ஆகிய இவ்வளவே. வேண்டுவது செல்வமன்று, ஒழுங்கு. எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் தொடங்க முயல்வோர் சோர்ந்துவிடுவர். இவ்வாண்டு ஒன்றை மட்டும் தேர்ந்து, தவறாமல் செய்யுங்கள். மூன்று ஆண்டுகள் தொடர்ந்து செய்த ஒன்றைப் பிள்ளைகள் நான்காம் ஆண்டில் தாமாகவே கேட்டு நிற்பர். அன்று அது உங்கள் குடும்பத்தின் மரபாகிவிடும்.